நாலு கேள்வி மண்டோர்

மலாக்காவுக்கு ஃபோர்க்லிஃப்ட் என்ற வண்டி வந்து சேர்வதற்குப் பல வருடங்கள் முன்பே, அதில் எது நல்லது, எது உதவாது என்று பார்த்து வாங்கத் தெரிந்திருந்த ஒரே மனிதர் எங்கள் நாலு கேள்வி மண்டோர்தான். அந்த வண்டியை அவர் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன? சிலருக்கு ஞானம் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பேராங்கில் ஓர் அரிசி ஆலையில் நாங்கள் ஆறு பேர் மூட்டை தூக்கினோம். எங்களை மேய்த்த மேஸ்திரி, அதாவது மண்டோர், அவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். மனைவி அதைச் சொல்லக் கூடாது, நாங்கள் சொல்லத் துணியவில்லை. யாரும் எடுக்காமல் அது துருப்பிடித்துப் போயிற்று.

எந்தச் சுமையானாலும் மாட்டைத் தட்டுவதுபோல் முதலில் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். பிறகு கேள்விகள். "எவ்ளோ கனம்? எவ்ளோ உசரம் ஏறணும்? தரை எப்பிடி? திரும்ப எடம் இருக்கா?" பதில் வந்த பிறகுதான் தள்ளுவண்டியா, காவுதடியா, உருளைக் கட்டையா, சங்கிலிக் கப்பியா என்று தீர்ப்பாகும். அதுவரை ஒரு தவிட்டு மூட்டையைக்கூடத் தொடவிடமாட்டார்.

இது ஆலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெங்கேராவில் ஒரு கல்யாண வீட்டில் சீர்க்கட்டில் மாடி ஏறப் போனது. படி திரும்பும் இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏறாது" என்றார். நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுகிறாரே என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். கட்டில் பாதிப் படியில் சிக்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. மணமக்களுக்குக் கீழே பாய் விரித்தார்கள். அந்தப் பாயையும் எப்படிச் சுருட்டித் தூக்குவது என்று சொல்லிவிட்டுத்தான் மனிதர் சாப்பிடப் போனார்.

செமாபோக்கில் ஒரு பருத்த வியாபாரி இறந்துபோனார். ஊரே அழுதுகொண்டிருக்க, இவர் விதவையிடம் போய், "எவ்ளோ கனம் இருப்பாரு?" என்று கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அந்த அம்மாள் அழுகையை நிறுத்தி யோசித்தார். "முன்ன மாதிரி இல்லீங்க. மரவள்ளி தின்னு பாதியாயிட்டாரு" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதார். பாடை தூக்குகிறவர்களை மண்டோர் உயரவாரியாக நிறுத்தினார். அவ்வளவு ஆடாமல் அசையாமல் போன சவ ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கும் ஒரு நாள் வந்தது. ஆலை இயந்திரத்தைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக ஒரு ஜப்பானிய அதிகாரி லோரியோடு வந்து நின்றான். உத்தரத்தில் தொங்கிய சங்கிலிக் கப்பியைக் காட்டி, "அங்காட்" என்றான். மலாயில் தூக்கு என்று அர்த்தம்.

மண்டோர் இயந்திரத்தைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தார். "திடா போலே, துவான்" என்றார். முடியாதாம். ஜப்பான்காரனிடம் முடியாது என்று சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். சொன்னதோடு நிற்காமல் கடப்பாறையால் உத்தரத்தை ஒரு குத்துக் குத்தினார். கரையான் தின்ற தூள் பொலபொலவென்று அதிகாரியின் தொப்பியில் கொட்டியது.

மண்டோர் கன்னத்தில் விழுந்த அறை தெருமுனைவரை கேட்டிருக்கும். அந்தி சாய்வதற்குள் இயந்திரம் லோரியில் ஏறவேண்டும், இல்லையென்றால் கூலிகள் ஆறு பேரும் அதே லோரியில் சயாம் ரயில் பாதைக்குப் போகவேண்டும் என்றான் அதிகாரி. மண்டோர் மட்டும் இங்கேயே இருக்கலாமாம். சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை எங்கள் தெருவுக்குத் திரும்பியதில்லை.

பயத்தில் நாங்களாகவே உருளைக் கட்டைகளை எடுத்துவந்து வாசலில் அடுக்கி, இயந்திரத்தின் கனத்துக்குப் பதிலாக ஆறு பேரும் ஏறி நின்று பார்த்தோம். முதல் நாள் மழை. கட்டைகள் சேற்றுக்குள் போய்விட்டன. மண்டோர் கன்னத்தைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"மூணாவது கேள்விய யாருடா கேட்டீங்க?" என்றார். யாரும் கேட்கவில்லை.

வெட்டுக்கத்தியோடு எங்களை அழைத்துக்கொண்டு ஆலைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு நடந்தார். கொல்லையில் வாழைகள் குலை தள்ளி நின்றன. அரிசி கிடைக்காத காலம். அந்தக் குலைகள்தாம் அவர் பிள்ளைகளுக்குச் சோறு. அவர் மனைவி குறுக்கே வந்து நின்றார்.

"இன்னும் முத்தவே இல்ல. உங்களத்தான் போவ வேணாம்னுட்டானே?"

"என்னைய வேணாம்னுட்டான். இவனுங்கள வேணும்ங்கிறானே."

அந்த அம்மாள் விலகி, குலைகளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

வெட்டிச் சாய்த்த வாழைகளைத் தோல் உரித்து, தண்டுகளைச் சேற்றின்மேல் பாய்போல் பரப்பினோம். லோரியின் பின்சக்கரங்களுக்குச் சரிவாகப் பள்ளம் வெட்டி, அதன் தட்டைத் தாழ்த்தி, பலகை போட்டு அதன்மேலும் தண்டு வைத்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தபோது அத்தனை பெரிய இயந்திரம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய் ஏறியது. அதிகாரி அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

"அறைஞ்ச கை நல்ல கனம்லா" என்றார் மண்டோர். வேறு புகார் இல்லை.

அன்று பிஞ்சு வாழைக்காய்களை உப்புப் போட்டு வேகவைத்து அவர் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். பங்கு வைத்தவர் மண்டோர். அவரவர் தூக்கும் கனத்துக்கு ஏற்றபடி. ஆறு பேரில் நோஞ்சான் நான். எனக்கு ஒன்றுகூட வராது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் இலையில் இரட்டைப் பங்கை வைத்தார்.

"நீ தூக்கவும் லாயக்கில்ல, சயாம் போயி சாவவும் லாயக்கில்ல. சாப்பிடு."

போன மாதம் என் மகன் புக்கிட் காதிலில் இருக்கும் தன் கிடங்குக்கு ஃபோர்க்லிஃப்ட் வாங்கப் போனான். நானும் போனேன். பேட்டரியில் ஓடுவது, டீசலில் ஓடுவது, குறுகிய சந்தில் கையை நீட்டி எடுப்பது என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போனார். மகன் பெரிய டீசல் வண்டியின் அழகில் மயங்கி நின்றான். நான் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு நாலு கேள்வி கேட்டேன். சிமெண்டுத் தரை, மூடிய கிடங்கு, நெருக்கமான அடுக்குகள். கடைசியில் கை நீட்டும் பேட்டரி வண்டிதான் வீட்டுக்கு வந்தது.

"அங்கிள், முன்ன இந்த வேலையிலயா இருந்தீங்க?" என்று கேட்டார் விற்பனையாளர்.

"இல்லலா, நான் அதுக்கு லாயக்கில்ல" என்றேன். வாழைக்காய் வேகும் வாசம் வந்தால் இன்றும் எனக்கு மண்டோரைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.