பீங்கான் வீட்டுக்கு ஒரு பனியன்

கன்னையனின் மேசைக்கு வந்த எதுவும் முழுதாகத் திரும்பியதில்லை. பனியன் கம்பெனியில் பதினோரு வருடங்களாகச் சாம்பிள் பிரிவைக் கவனிப்பவர் அவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் துணி எதுவானாலும், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அட்டையில் ஒட்டி, எண் போட்ட பிறகுதான் அவருக்குக் காலைத் தேநீர் இறங்கும்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம், டிசம்பரில் ஒரு நாள், அந்த மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பீங்கான் வீடு இருந்தது. சிவப்புக் கூரை, புகைபோக்கி, நான்கு ஜன்னல்கள். நடுவில் மெழுகுவர்த்தி செருக ஒரு குழி.

மறுநாள் ஜெர்மனி பையர் வருவதாக இருந்தது. அடுத்த ஆர்டருக்கு இந்தச் சிவப்பைத்தான் கேட்கிறார் என்று கன்னையன் முடிவு கட்டினார். நிறம் பிசகினால் ஆர்டர் போகும். கூடவே அவருடைய வேலையும் போகும்.

சாயப்பட்டறை முஸ்தபா அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, முழு ஊட்டயே தூக்கிட்டு வந்துட்டீங்க? எப்பவும் போலத் துண்டு வெட்டிக் குடுங்க."

நியாயமான பேச்சு. கூரையோரத்தில் கன்னையன் சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஓரம் வரவில்லை, புகைபோக்கி வந்தது.

"துண்டு கெடச்சுருச்சுங்களே!" என்றார் முஸ்தபா.

கன்னையன் புகைபோக்கியைப் பசை தடவி ஒட்டினார், காயவில்லை. சூடு பட்டால் காயுமென்று உள்ளே இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினார். பசை வழிந்தது, ஜன்னல்கள் கரி பிடித்தன. பதறிப்போய்த் தண்ணீர் தெளித்தார். கூரை குறுக்கே விரிசல் விட்டது.

விரிசலை மறைத்தாக வேண்டும். தையல் பிரிவில் இருந்த தூத்துக்குடிக்காரர் மரியபுஷ்பத்திடம் கொண்டுபோனார்.

"இதுக்கு ஒரு பனியன் தெச்சுக் குடுங்க."

மரியபுஷ்பத்தின் முகம் வெளுத்தது. "சார், இது வந்து..."

"பையரோட சாம்பிளு. வாயத் தொறக்காதீங்க, அளவெடுங்க!"

மறுநாள் காலை முதலாளி நூருல்லா சாம்பிள் அறைக்கு வந்தபோது, வெள்ளைப் பனியன் அணிந்த வீடொன்று கழுத்து வழியே, கோணலாய் ஒட்டிய புகைபோக்கியை நீட்டிக்கொண்டு நின்றது.

"இதென்னங்க கன்னையா, குளுருதுங்களா அதுக்கு?"

கன்னையன் கைகூப்பிவிட்டார். "பையர் அனுப்புன சாம்பிள ஒடச்சுப்போட்டேனுங்க மொதலாளி. வேலைய உட்டுப் போகச் சொன்னாலும் போயிர்றேனுங்க."

"அவரு ஒண்ணும் அனுப்புலீங்களே! கேட்டிருக்கறதும் வெள்ளை மட்டுந்தானுங்க."

வாசலில் நின்றிருந்த மரியபுஷ்பம் இப்போது வாயைத் திறந்தார்.

"அது சாம்பிள் இல்ல சார். போன வாரம் சாம்பிள் பனியனுக்குக் கழுத்தத் திருப்பித் தச்சது நானு, மொதலாளிட்ட ஏச்சு வாங்குனது நீங்க. மனசு கேக்காம, கிறிஸ்துமசுக்கு ஒங்க வீட்டுல மெழுகுவர்த்தி ஏத்தட்டும்னு நாந்தான் ஒங்க மேசையில வச்சேன்."