தேனீக்கு முன்னால் பதினேழு கூட்டம்

ஒரே ஒரு பொய்யைப் பதினோரு வருஷம் கட்டிக் காப்பாற்றியவள் நான். தெலுங்கு ஊருக்கு, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு லக்ஷ்மி, "ஏம் சதுவுகுன்னாரு அக்கா?" என்று என் படிப்பை விசாரித்தாள். அவள் பி.ஏ. நான் மூணாங்கிளாஸ். "டென்த்" என்று சொல்லிவிட்டேன். (அடக்கித்தான் சொன்னேன். வாய் காலேஜ் வரைக்கும் போகப் பார்த்தது.) தமிழை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது.

பதினோராவது வருஷம், அமீர்பேட்டில் மூலைக்கு மூலை கம்ப்யூட்டர் கிளாஸ் முளைத்த சமயம். நாமும் பின்தங்கக் கூடாது என்று எங்கள் லேடீஸ் கிளப்பில் ஆண்டுவிழாவுக்கு ஒரு இங்கிலீஷ் போட்டி வைத்தார்கள். நாம் ஆட்டுக்கு மந்தை, சாவிக்குக் கொத்து, வைக்கோலுக்குப் போர் என்கிறோம் இல்லையா, அதுபோல எதன் கூட்டத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று சொல்ல வேண்டும். கேள்வியைத் தலைவி மேடம் வாசிப்பார். மணி அடிப்பதற்குள் மைக்கில் பதில் சொல்ல வேண்டும்.

"மீரு டென்த் கதா அக்கா! மீ பேரு நேனே இச்சேசானு" என்று வந்து நின்றாள் லக்ஷ்மி. டென்த் படித்தவள்தானே என்று, என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுல கெட" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏன், எனக்குத் தெரியாதோ?"

தெரியும், அதுதான் வினை. என் மகன் முருகன் ஆறாவது படித்தபோது, மாவாட்டும் நேரத்தில் அவனைப் பக்கத்தில் நிறுத்தி, தினமும் இதே பட்டியலைத்தான் ஒப்பிக்க வைத்தேன். மொத்தம் பதினெட்டு கூட்டம். அவனுக்கு மறந்துபோனது. எனக்குப் பாட்டாகப் படிந்துவிட்டது.

விழா அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். முதல் பெண்ணிடம் மேடம் கப்பலைக் கேட்டார். நானும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. நேராகக் கப்பலுக்குப் போக முடியவில்லை. சிப்பாயில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி வந்தால்தான் கப்பல் வந்தது. அதற்குள் அவள் பதில் சொல்லி, கைதட்டல் வாங்கி, கீழே இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

முருகா, எனக்குச் சிப்பாயைக் கொடு, இல்லாவிட்டால் சாவியைக் கொடு என்று வேண்டினேன். இரண்டும் மேலே இருப்பவை. சிப்பாய் மூன்றாவது பெண்ணுக்குப் போனான். சாவி லக்ஷ்மிக்குப் போனது. இங்கே சறுக்கினால் டென்த் போச்சு. பதினோரு வருஷ மானம் போச்சு.

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பீஸ்!"

தேனீ. பதினெட்டாவது. கடைசி!

ஓட ஆரம்பித்தேன். "ஆர்மி ஆஃப் சோல்ஜர்ஸ், பஞ்ச் ஆஃப் கீஸ்..." முணுமுணுத்ததாகத்தான் நினைப்பு. மைக் விடவில்லை. இன்னொன்றும் நடந்தது. முருகன் தடுமாறும் இடத்திலெல்லாம் தினமும் நான் போட்ட அதட்டலும் பட்டியலோடு சேர்ந்தே படிந்திருந்தது போலிருக்கிறது. "ஃப்ளீட் ஆஃப் ஷிப்ஸ், நிமிந்து நில்லுல, ஹெர்ட் ஆஃப் கேட்டில், மூக்க நோண்டாத, பேக் ஆஃப் உல்வ்ஸ்..." மணி அடித்தது. வாய் நிற்கவில்லை. "பிரைட் ஆஃப் லயன்ஸ், ஏல, எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுன்னுதான ஒரு வரிய முழுங்குத, ஷோல் ஆஃப் ஃபிஷ், ஸ்வார்ம் ஆஃப் பீஸ்!"

முதலில் தமிழ்க்காரிகள் சிரித்தார்கள். அவர்கள் சொல்லித் தெலுங்குக்காரிகள் சிரித்தார்கள். "க்யா போலே? க்யா போலே?" என்று இந்தியில் கேட்டுக்கொண்டு, மேடம் கடைசியாகச் சிரித்தார். என் மானம் மூன்று பாஷையில், மூன்று தவணையில் போனது. மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

லக்ஷ்மி மட்டும் சிரிக்கவில்லை. "என்கிட்டகூட சொல்லலை கதா அக்கா" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். நாளைக்குத் தண்ணீர் வராது என்று மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் நோட்டீஸைக் காட்டி, "ரேப்பு நீள்ளு ராவு அக்கா, இன்னிக்கே பிடிச்சு வச்சிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷமாக என் வீட்டில் மட்டும் தண்ணீர் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கிறது என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. பிறகு சிரித்தாள் பாருங்கள், படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது முருகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். நான் ஏதாவது பேச ஆரம்பித்தால் போதும், பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "உக்காந்துக்கோ, அம்மா சிப்பாய்லேர்ந்து கெளம்பியிருக்கா, தேனீ வர நேரமாகும்" என்பான்.

சிரித்துக்கொள்ளட்டும். பதினெட்டில் ஒன்றுகூடத் தப்பில்லை.