இரண்டு ‘அவரு’

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் ஜோனிடம் பேச்சியம்மாள் சொன்னது, வாசல் நாற்காலியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த மதிவாணனின் காதில் தெளிவாக விழுந்தது.

“நேத்து அவரு அழுதுட்டாரு, ஜோன். கண்ணு ரெண்டும் செவந்துபோச்சு.”

“பாவம்க்கா. எல்லாரு முன்னாடியுமா?”

“எல்லாரு முன்னாடியுந்தான். கைக்குட்டைகூட இல்ல. சட்டையிலயே தொடைச்சுக்கிட்டாரு.”

நாளிதழ் மெல்ல மடிக்கு இறங்கியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில்வேயில் இருந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வுபெற்றவர் மதிவாணன். பெற்ற தகப்பன் இறந்த அன்றுகூடப் பிறர் காண அழுதவர் அல்லர். கைக்குட்டை இல்லாமல் வாசலைத் தாண்டியவரும் அல்லர்.

மனைவி உள்ளே வரும்வரை பொறுத்திருந்தார்.

“நான் எப்ப அழுதேன்?”

“நீங்க எங்க அழுதீங்க?”

“ஜோன்கிட்ட சொன்னியே.”

“அட, அது நீங்க இல்ல. அவரு. ‘பத்தில் ஒருவர்’ல வர்றாரே, அவரு.”

தாம் அழவில்லை என்ற நிம்மதி, நாற்காலியில் சாய்வதற்குள் மதிவாணனுக்குத் தீர்ந்துவிட்டது.

‘பத்தில் ஒருவர்’ பதினோரு ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் ஓடுகிறது. ஒரு பெண். அவளைக் கட்டிக்கொள்ள விரும்பும் பத்து ஆண்கள். எல்லோரும் ஒரே பங்களாவில். ஞாயிறுதோறும் ஒருவன் வீட்டுக்கு அனுப்பப்படுவான். அவனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. வாசலில் அவன் கழற்றி வைத்த சப்பாத்து மட்டும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அவனே புரிந்துகொண்டு பெட்டியைத் தூக்க வேண்டும்.

முதல் ஆண்டு அதை ஒரே ஒரு முறை பார்த்த மதிவாணன், “பொண்ணு பாக்குறது குடும்பம் செய்யுற காரியம். இது மாட்டுச் சந்தை” என்று உறவினர் முன்னிலையில் சொல்லி, இனி அதன்முன் உட்காருவதில்லை என அறிவித்தார். சொன்ன சொல்லைக் காத்தும் வந்தார். ஞாயிறு மாலை ஆறரை ஆனால் குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். பேச்சியம்மாளோ ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

பார்க்கட்டும். அதுவல்ல அவருக்கு உறுத்தியது. மற்றவர்களையெல்லாம் அவள் பெயர் சொல்லித்தான் பேசினாள். ரூபேந்திரன் மூக்கால் பேசுகிறான். திமோத்தி தங்கமான பையன், குளிக்கத்தான் சோம்பல். குணாளன் வாயைத் திறந்தால் பொய். இந்த ஒருவன் மட்டும் ‘அவரு’.

நாற்பத்தோரு ஆண்டுகளாக அந்த வீட்டில் ‘அவரு’ என்றால் ஒருவர்தான். அவரு சாப்பிட்டாச்சு. அவரு வெளிய போயிருக்காரு. அவருக்குக் காரம் ஆகாது. சிகாமாட் கிளினிக்கில் தாதி கணவர் பெயரைக் கேட்டபோது, வாய் திறக்காமல் அவருடைய ஐசி அட்டையை எடுத்து நீட்டியவள் பேச்சியம்மாள். குடும்பப் பெண் என்றால் இப்படி என்று மதிவாணன் எத்தனையோ கல்யாணப் பந்திகளில் அதைச் சொல்லியிருக்கிறார். தொப்பியும் விசிலும் பச்சைக்கொடியும் ஓய்வுபெற்ற அன்றே போய்விட்டன. மிச்சமிருந்தது அந்த ஒரு சொல். அதிலும் எவனோ ஒருவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பங்கு கேட்கிறான்.

“அவனுக்குப் பேரு இல்லையா?” என்றார் சாப்பாட்டு மேசையில்.

“இருக்கு.”

“சொல்லு.”

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அறுபத்திரண்டு வயதில் அவள் முகம் சிவந்ததுபோல் மதிவாணனுக்குத் தோன்றியது.

“அடுப்புல குழம்பு இருக்கு” என்று எழுந்து போய்விட்டாள்.

குழம்பு மேசைமேல்தான் இருந்தது.

ஜோனிடம் கேட்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? என் மனைவிக்குப் பிடித்தவன் பெயர் என்ன என்றா? அதைவிட மானக்கேடு இல்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குக் கிளம்புமுன், டிவிக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு வயரைப் பிடுங்கி வைத்தார்.

“டிவி கெட்டுப்போச்சுபோல” என்றார் குடையை எடுத்தபடி.

“அப்படியா” என்றாள் பேச்சியம்மாள்.

திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. ஜோன் வீட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. தாமான் குடியிருப்பில் உள்ள பாதிப் பெண்கள் அங்கே இருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் டிவி பார்க்க வழியில்லை, அவர் சம்சாரம் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி மறுநாள் பாசார் கடைகள் வரை போய்விட்டது.

அன்று மாலை ஜோனின் கணவர் ரோலண்ட், ஸ்குரூ டிரைவர் சகிதம் வந்தார். தொழிற்சாலையில் மின்சாரப் பழுது பார்ப்பவர். அவர் பேசிக் கேட்டவர்கள் பெக்கோக் ஊரிலேயே குறைவு. டிவிக்குப் பின்னால் குனிந்தார். வயரைச் சொருகினார். நிமிர்ந்து மதிவாணனைப் பார்த்தார்.

“ம்” என்றார். போய்விட்டார்.

அந்த ‘ம்’மைத் தாங்கிக்கொண்டு மதிவாணன் வாசலுக்கு வந்தார். அவருடைய செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“யாரு செருப்பத் திருப்பி வெச்சது?”

“கூட்டும்போது திரும்பியிருக்கும்” என்றாள் உள்ளிருந்து பேச்சியம்மாள்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எதிரியை அறியாமல் எதிர்க்க முடியாது என்று முடிவு செய்து, மறுநாள் காலை கோப்பி குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“அப்படி என்னத்தக் கண்ட அவன்கிட்ட?”

பேச்சியம்மாள் கோப்பியைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்விக்குப் பதினோரு ஆண்டுகளாகக் காத்திருந்தவள்போல் இருந்தது.

“நான் எத்தனை பேரப் பாத்துட்டேன். மொத வாரமே அம்மாவப் பத்திப் பேசி அழுறவன் மூணாவது வாரம் போயிருவான். சமைக்கத் தெரியும்னு சொல்றவன் முட்டை உடைக்கும்போது மாட்டிக்குவான். கவிதை படிக்கிறவன் கடைசி வரைக்கும் வருவான், கல்யாணம்னா ஓடிருவான். அதனால நான் மூஞ்சியப் பாக்குறதே இல்ல. வாசலத்தான் பாப்பேன். மத்தவனுங்க சப்பாத்த உதறிட்டு உள்ள போறானுங்க. அவரு மட்டும் ரெண்டையும் சேத்து, கோடு போட்டமாதிரி வைப்பாரு. அவரு அன்னிக்கு அழுததும் தனக்காக இல்ல, திமோத்தி வீட்டுக்குப் போறானேன்னு. அந்த மாதிரி ஆளு கூட்டத்துல ஒண்ணுதான் இருக்கும்லா.”

மதிவாணன் நாற்பத்தோரு ஆண்டுகளாகச் செருப்பைக் கோடு போட்டாற்போல்தான் வைக்கிறார். அதற்காக யாரும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேசியதில்லை.

“வேற?”

“நீலச் சட்டை நல்லா இருக்கும். மீசை கெடையாது. மொகம் பளிச்சுன்னு இருக்கும்.”

சனிக்கிழமை பத்து மணிக்கு மதிவாணன் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தார்.

“மீசைய எடுத்துரு.”

கடைக்காரர் கத்தியுடன் அப்படியே நின்றார். “மீசையவா, சார்?”

“எடுன்னா எடு.”

வேலை முடிந்ததும் கடைக்காரர் காசு வாங்க மறுத்து, மதிவாணனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பதவி போனாலும் மரியாதை போகவில்லை என்று மதிவாணன் மனம் நிறைந்து வெளியே வந்தார். அப்படியே போய் ஒரு நீலச் சட்டையும் வாங்கினார்.

பேச்சியம்மாள் அவரைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“யாருக்கு என்னாச்சு?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. வெயிலு.”

“வெயிலுக்கா மீசைய எடுத்தீங்க?”

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கோயில் செயலாளர் ராஜசேகரன் நான்கு பேருடன் வந்து, தலைகுனிந்து வாசலில் நின்றார். பின்னால் ஜோனும் ரோலண்டும் வந்தார்கள். ஜோன் கையில் பெரிய பிளாஸ்கில் தேநீர்.

“கேள்விப்பட்டோம்” என்றார் ராஜசேகரன் தாழ்ந்த குரலில். “எப்ப எடுக்குறாங்க?”

“நேத்தே எடுத்தாச்சு. பத்து மணிக்கு.”

“அவ்வளவு சீக்கிரமாவா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே.”

“இதையெல்லாமா ஊருக்குச் சொல்லிட்டுச் செய்வாங்க?”

ராஜசேகரன் மற்றவர்களைப் பார்த்தார். “செடெனாக்லயே முடிச்சிட்டீங்களா?”

“செடெனாக் எதுக்குப் போகணும்? இங்கதான், கடையிலயே.”

“கடையிலயா” என்றார் ராஜசேகரன்.

அவர்கள் சொன்னது மதிவாணனுக்குப் புரிவதற்குள் ஒரு கார் வந்து நின்றது. செடெனாக்கிலிருந்து மதிவாணனின் அண்ணன் சதாசிவம், கைத்தடியை ஊன்றி இறங்கினார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், இதய நோயாளி. அவர் கண்ணை மூடினால் மீசையெடுத்துக் கொள்ளி வைக்க வேண்டியவர் மதிவாணன் ஒருவர்தான். அது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“காலையிலேருந்து ஏழு போன்” என்றார் சதாசிவம். “நான் எப்படிச் செத்தேன்னு என்கிட்டயே கேக்குறானுங்க. என்னைக் கொன்னுட்டு நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறியா?”

“அலமாக்” என்றாள் ஜோன், பிளாஸ்கைக் கீழே வைத்து.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சதாசிவம் நாற்காலியில் நிமிர்ந்து, “மீசைய ஏன் எடுத்த?” என்றார். அந்தக் குரலுக்குச் சிறு வயது முதலே மதிவாணன் பொய் சொன்னதில்லை.

“அண்ணே, குடும்ப மானம் போச்சு. நான் இருக்கேன், குத்துக்கல்லாட்டம். என் பொண்டாட்டி இந்த வீட்டுல இன்னொருத்தன ‘அவரு’ங்கிறா. டிவியில வர்றவன. மீசை இல்லாதவன் அவன்.”

ராஜசேகரன் தரையைப் பார்த்தார். சதாசிவம் கைத்தடியைப் பேச்சியம்மாள் பக்கம் திருப்பினார்.

“யாரும்மா அது?”

பேச்சியம்மாள் சுவரோரம் ஒதுங்கினாள். மூத்தவர் முன்னால் அவள் சத்தமாகப் பேசியதே இல்லை.

“பேரச் சொல்லும்மா. குத்தமில்ல.”

அவள் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

“பாத்தீங்களாண்ணே? நானும் கேட்டுட்டேன். ஊரே கேட்டாச்சு. அவன் பேர மட்டும் வாயத் தொறந்து சொல்லமாட்டா.” மதிவாணனின் குரல் உடைந்தது. இத்தனை பேர் முன்னிலையில் கண் கலங்கியது. கைக்குட்டை பழைய சட்டையில் இருந்தது. நீலச் சட்டையின் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

கதவோரம் நின்ற ரோலண்ட் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். அவர் பேசப் போகிறார் என்பதே புதுமையாக இருந்ததால், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா எப்படிண்ணே சொல்லுவாங்க? அந்தப் பையன் பேரும் மதிவாணன்.”