பிறகு நினைவூட்டவும்

வரைபடத்தை மடிக்கும்போது மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும் இடத்தில் மேழிநாடு என்றோர் அரசு இருந்தது. அங்கே மழை பெய்தது, கத்தரிக்காய் காய்த்தது, வீட்டுக்கொரு கணினி இருந்தது. மக்களுக்குக் குறை ஒன்றும் இல்லாததால் அமைச்சர்கள் வேலையின்றித் தவித்தார்கள்.

அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசர் வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் அனுப்பி, "நான் தொடரலாமா?" என்று கேட்க வேண்டும். பதில்கள் வந்து ஒரு முடிவு தெரியும்வரை அவர் அரியணையில் உட்காரக் கூடாது. கோட்டை வாசலில் கிடக்கும் மர பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஆணை எதுவும் செல்லாது. மக்கள் இளகிய மனசுக்காரர்கள். முதுகு வலிக்குமே என்று பரிதாபப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குள் சரி சொல்லிவிடுவார்கள்.

பவளக்கொடிக்கு இந்தச் சட்டத்தைப் பற்றியெல்லாம் கவலையில்லை. புளியமரத் தெருவில், தன் வீட்டு முன்னறையில், அவள் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணினிக்குப் பதின்மூன்று வயது; அச்சுப்பொறி அதைவிட மூத்தது. அந்தப் பழைய கணினியில் இருந்த எழுத்துகள் அப்படியொரு அழகு. அந்த 'ழ'வின் சுழியைப் பார்த்தாலே முறுக்கிக்கொண்டிருக்கும் சம்பந்திகள் பாதி சமாதானமாகிவிடுவார்கள்.

அப்போதுதான் மேம்பாட்டு அமைச்சர் கோதண்டநாயகர் முதல் ஆணையைப் பிறப்பித்தார். எல்லாக் கணினிகளும் எட்டாம் பதிப்பு இயங்குதளத்திலிருந்து ஒன்பதாம் பதிப்புக்கு மாற வேண்டும். கட்டாயம் கிடையாது; மக்களைக் கேட்டே செய்யப்படும். குழப்பம் வராதிருக்க, அரசு மக்களிடம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் இனி இரண்டே பதில்கள்: 'இப்போதே', 'பிறகு நினைவூட்டவும்'.

மறுநாள் ஒரு மணமகளின் பெயரைப் பாதி அடித்திருந்தபோது, திரையை மறைத்துக்கொண்டு அந்தக் கேள்வி வந்து நின்றது. கீழே இரண்டு கட்டங்கள்.

"ஏங்க, வேண்டாம்னு சொல்ல எங்க அமுக்கணும்?" என்று கணவன் ஏகாம்பரத்தைக் கேட்டாள்.

"அதுக்குக் கட்டம் வைக்க மறந்துட்டாங்க போல. பேசாம மாத்திடேன் பவளம். புதுசுல ஓரமெல்லாம் உருண்டையா இருக்காம்."

"உருண்டையா இருந்தா? நான் என்ன லட்டா பிடிக்கப் போறேன்?"

ஆனாலும் அவளுக்குச் சபலம் தட்டாமல் இல்லை. ஊரே மாறும்போது நாம் மட்டும் பழசைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று இரண்டு நாள் யோசித்தாள். அதற்குள் எதிர்வீட்டு ஜோசியர் சபேசர் முந்திக்கொண்டார். மாறிய மறுநாளிலிருந்து அவருடைய கணினி, பிறந்தவர் எல்லாருக்கும் சதய நட்சத்திரமே காட்டியது. யாரை யாரோடு சேர்த்தாலும் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றது. வருடக்கணக்காகத் தட்டிப்போன வரன்களெல்லாம் கூடிவந்தன. ஒரே மாதத்தில் முப்பத்திரண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று.

மற்ற அச்சகங்கள் ஒன்பதாம் பதிப்புக்கு மாறியிருந்தன. அங்கே மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரங்கள் வரிசையாக வந்தன. முப்பத்திரண்டு ஜோடிகளும் பவளக்கொடியின் வாசலுக்கு வந்தார்கள். இனி யோசிக்க ஒன்றுமில்லை. இந்தப் பெட்டி போனால் அத்தனை பேர் கல்யாணமும் தள்ளிப்போகும். 'பிறகு நினைவூட்டவும்' என்பதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மக்கள் தயங்குவதைக் கண்ட அமைச்சர், மணிக்கொரு முறை நினைவூட்ட ஆணையிட்டார். அப்புறம் கால் மணிக்கொரு முறை. அதுவும் பலிக்காமல் ஆய்வாளர் ஒருவர் வீடு தேடி வந்தார்.

"அம்மணி, தங்கள் கணினி மேம்பட்டே ஆக வேண்டும்."

"சரிங்க."

"ஆனால் மேம்படும் தகுதி இதற்கு இல்லை."

"அப்ப விட்டுடுங்க."

"விடுவதற்கில்லை. மேம்படாதிருப்பது குற்றம். தகுதியற்றதை மேம்படுத்துவது அதைவிடப் பெருங்குற்றம்."

மோர் குடித்துவிட்டு, 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த ஆணைப்படி, எட்டாம் பதிப்பு வீடுகளுக்குக் காவலர் வரமாட்டார்கள். வெளிப்படைத்தன்மை கருதி அந்த வீடுகளின் முகவரிகள் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டன. திருடர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வரிசையில் நின்று எழுதிக்கொண்டார்கள். நல்லவேளையாகப் புளியமரத் தெருவில் தினம் ஒரு பந்தல். வந்த இரண்டு திருடர்களையும் பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் என்று பெண் வீட்டாரும் நினைத்துப் பந்தியில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் பாயசத்துக்குப் பிறகு அவர்களுக்குத் தொழில் செய்ய மனம் வரவில்லை.

கடைசி ஆணைதான் பவளக்கொடியின் தொழிலிலேயே கைவைத்தது. பத்து நாளில் எட்டாம் பதிப்புக் கணினிகள் யாவும் பறிமுதல் செய்யப்படும். இன்னும் ஆறு பத்திரிகைகள் பாக்கி. அவள் அழுதேவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் வாசலில் பல்லக்கு வந்து நின்றது. கோதண்டநாயகரே இறங்கினார்.

"அம்மணி, இது அரச ரகசியம். அரசரின் ஐந்தாண்டு இன்றோடு முடிகிறது. கேள்வித்தாள் அடிக்க வேண்டும். ஆனால் அரண்மனைக் கணினி மிக உயர்ந்த நிலைக்கு மேம்பட்டுவிட்டது. அச்சடிக்கும் அளவுக்கு இறங்கிவர மறுக்கிறது."

"சதுரமா வருதுங்களா?"

அமைச்சர் கூரையைப் பார்த்தார். "வருகிறது."

"அடிச்சுத் தரேங்க. கேள்வி தெரியும். பதில் எப்படிப் போடணும்?"

"முதல் ஆணையில் தெளிவாக உள்ளதே! அதிலிருந்து இம்மியும் பிசகக் கூடாது."

பவளக்கொடி ஆணையை எடுத்து இரண்டு முறை படித்தாள். அப்படியே அடித்தாள். 'நான் தொடரலாமா?' கீழே இரண்டு கட்டங்கள்: 'இப்போதே', 'பிறகு நினைவூட்டவும்'. விதிப்படி இருந்ததால் அமைச்சர் மகிழ்ந்து முத்திரை குத்தினார்.

தாள் வீடு வீடாகப் போயிற்று. யாரும் கலகம் செய்ய நினைக்கவில்லை. மாதக்கணக்கில் பழகிய கை, தானாகவே இரண்டாவது கட்டத்துக்குப் போயிற்று. மதியத்துக்குள் நாடே பதில் சொல்லிவிட்டது: பிறகு நினைவூட்டவும்.

சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை; ஆகவே முடிவும் இல்லை. அரசர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆணைகள் உறங்கின. பறிமுதல் நின்றது. ஆறு கல்யாணங்களும் ஜாம்ஜாமென்று நடந்தன. பவளக்கொடி ஆறிலும் சாப்பிட்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மாதம் வந்ததில்லை.

அரசர் பெஞ்சுக்கு வந்த இருபதாம் நாள், புதிதாக வந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகைகளோடு கோட்டை வாசலைக் கடந்தவளை அவர் கூப்பிட்டார். சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, வேண்டாம் என்று சொன்னாலாவது நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். ஒருவர்கூடச் சொல்லவில்லையே?"

"சொல்றவங்க இருப்பாங்க மகாராஜா. கட்டம்தான் இல்லை."

அரசர் சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்தார். பிறகு அமைச்சரை அழைத்து மூன்றாவது கட்டம் வைக்கச் சொன்னார். அவர் ஆணையிட முடியாது. கெஞ்சுவதற்குச் சட்டத்தில் தடையில்லை.

"அரசே, அதை ஒரு கேள்விக்கு மட்டும் வைக்க வழியில்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்கள் என்பது நம் ஆணை."

"முதுகு வலிக்கிறது ஐயா. வையும்."

அன்று மாலை பவளக்கொடியின் திரையில் பழைய கேள்வி வந்தது. கீழே மூன்றாவதாக, 'வேண்டாம்'. அமுக்கினாள். கேள்வி மறைந்தது. திரும்ப வரவேயில்லை. அவள் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

மறுநாள் புதிய கேள்வித்தாளை அவளேதான் அடித்தாள். எல்லா வீட்டுக்கும் அனுப்பியபின், தன் வீட்டுத் தாளை மேசையில் விரித்தாள். 'நான் தொடரலாமா?' மூன்று கட்டங்கள்.

"சீக்கிரம் போடு பவளம். சேவகன் வாசல்ல நிக்கறான்" என்றான் ஏகாம்பரம்.

"நிக்கட்டும். இத்தனை வருஷத்துல இப்பதான் நிஜமாவே கேட்டிருக்காங்க. யோசிச்சுப் போடறேன்."

எல்லா வீடுகளிலும் அன்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டை வாசலில் அரசர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, கோதண்டநாயகருக்கும் இடம் கொடுத்தார்.