மூன்று டோக்கன், ஓர் ஆன்மா

அந்த ஆடி மாதத்தில், கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் சாலையில் சாதாரண மனிதர்களே இல்லாமல் போய்விட்டார்கள்.

காலை ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் பல்லவ நாட்டுக் கடற்படைத் தளபதி. அவருக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்குகிறவர் சேர நாட்டு மந்திரி. கடைசி சீட்டில் நான்கு சோழ இளவரசர்கள் ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். கேன்டீனில் சாம்பார் வரிசையில் மகாராணிகள் மட்டும் பதினோரு பேர். அதில் மூன்று பேர் ஒரே மகாராணி. இதனால் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு வாரமாக மூவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

போன பிறவியில் ஒருவர்கூட கான்ட்ராக்ட் லேபராக இருக்கவில்லை. அப்படியானால் அந்தக் காலத்தில் நெல்லை யார் அறுத்தார்கள், கோயிலுக்குக் கல்லை யார் சுமந்தார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் சுமக்கவில்லை. எல்லாரும் அரண்மனைக்குள் இருந்தார்கள்.

இந்தத் திடீர் ராஜவம்சத்தை உண்டாக்கியவர் பிறவிச் சித்தர் நரசிம்ம அடிகள். ஆடியில் கல்யாணம் கிடையாது. பென்னலூர் கல்யாண மண்டபம் காலியாகக் கிடந்தது. அடிகள் அதைச் சல்லிசாகப் பிடித்தார். மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் ஒன்றில் தாம் அமர்ந்தார். மற்றதில் தம் ஏட்டுப் பெட்டியை உட்கார வைத்தார். வாசலில் பெரிய பேனர்: ‘நீ யார் என்று உனக்குத் தெரியுமா? அடிகளுக்குத் தெரியும்!’ கழுத்தில் பெயரும் போட்டோவும் போட்ட கம்பெனி கார்டு தொங்க, ஜனங்கள் அதைப் படித்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒருவர், உயிர் ஒன்றா பலவா என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். அடிகளுக்கு அது மூன்று நிமிஷ வேலை. டோக்கன் முந்நூறு ரூபாய்.

அடிகளின் முறை பார்ப்பவரைக் கிறுகிறுக்க வைக்கும். பெயர் சொல்லக் கூடாது. வாயே திறக்கக் கூடாது. டோக்கனை மட்டும் காலடியில் வைக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து அப்படியே வருகிறவர்கள் தொப்பியும் மாஸ்க்குமாக மேடையேறுவார்கள். யாராவது மாஸ்க்கைக் கழற்றப் போனால் அடிகள் தடுத்துவிடுவார்.

“வேண்டாம்! முகத்தைப் பார்ப்பவன் மனிதன். அடியேன் பார்ப்பது ஆன்மாவை. ஆன்மாவுக்கு ஏதப்பா மூக்கு?”

கூட்டம் சிலிர்க்கும். அடிகள் பெட்டியின் மூடியைத் தம் பக்கமாகத் திறந்து ஏட்டை ஒரு பார்வை பார்ப்பார். கண்ணை மூடுவார். மைக்கில் முழங்குவார். “உனக்கு இடது முழங்காலில் வலி. போன பிறவியில் நீ குதிரைப்படை வீரன். விழுந்த அடி இன்னும் ஆறவில்லை!” காலைத் தேய்த்துக்கொண்டு கீழே இறங்குகிறவர் அழுதுகொண்டே இறங்குவார்.

முழங்கால் வலி அடிகளுக்கு எப்படித் தெரிந்தது? அதை யாரும் யோசிக்கவில்லை. வரிசையில் வெயிலுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்த செந்தாமரை அக்காவிடம், அரை மணி நேரத்துக்கு முன் அவரே சொன்னதுதான். பாவம், அந்த அக்காவுக்கு எல்லார்மேலும் அவ்வளவு அக்கறை. டம்ளரை நீட்டி, “இன்னா கண்ணு, மூஞ்சி வாடிகீது? வூட்ல எதுனா பிரச்சினையா?” என்று கேட்பார். டோக்கன் நம்பரையும் பார்த்துக்கொள்வார். பிறகு கையிலிருக்கும் போனைக் கொஞ்ச நேரம் நோண்டுவார். மோரும் நன்றாக இருந்தது.

இந்த வரிசையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் முனியம்மாளும் நின்றார், டோக்கன் நாற்பத்தாறோடு.

முனியம்மாளின் மகள் சசிரேகா பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். அதே லைனில் வேலை செய்யும் நாங்குநேரிப் பக்கத்துப் பையன் வனமாமலையை விரும்புகிறாள். இரண்டு வருஷம் அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து, ஆவணியில் தேதி பார்க்கலாம் என்னும் அளவுக்கு அம்மாவைக் கொண்டுவந்திருந்தாள். போட்டோவில் மட்டும் மாப்பிள்ளையைப் பார்த்திருந்த முனியம்மாள், எதற்கும் அடிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனார்.

அடிகள் ஏட்டைப் பார்த்தார். பதறி எழுந்தார். “அம்மா! நடக்கவே கூடாது! போன பிறவியில் அந்தப் பையன் உன் மகள் வயிற்றில் பிறந்த பிள்ளை. பெற்ற தாயையா கட்டி வைக்கப் போகிறாய்? அடுத்த வாரம் இரண்டு பேரையும் பிரிக்கப் பந்த அறுப்புப் பூஜை போட வேண்டும். தாமதித்தால் குலம் தாங்காது!”

முனியம்மாள் பூஜைக்குப் பேர் கொடுத்துவிட்டு இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் ஆவணிப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். மணிமங்கலத்தில் ஒரு வரன் இருப்பதாகச் சொன்ன உறவுக்காரருக்குப் போன் போட்டு, ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

கம்பெனிக்குள் செய்தி பரவ ஒரு டீ பிரேக் போதாதா? “டேய் வனமாமலை, அம்மா சாப்பாடு போட்டாங்களா?” என்றான் அதே லைனில் நிற்கும் சுபாஷ். “அம்மாவை எதிர்த்துப் பேசாத, பாவம்” என்றான் அந்தோணிராஜ். சிரித்துச் சமாளித்த வனமாமலை, கை கழுவுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றான். சசிரேகா சாப்பிடவே வரவில்லை.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. அவள் குவாலிட்டி பிரிவில் இன்ஸ்பெக்டர், கோவில்பட்டிக்காரி, சசிரேகாவின் தோழி. ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸை அளந்து பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சிவப்புக் கூடையில் போடுகிறவள்.

“ஏட்டி, அழுகைய நிறுத்து” என்றாள் சசிரேகாவிடம். “நமக்கு அளக்குறதுக்குப் புதுசா ஒரு கேஜ் வந்தா என்ன செய்வோம்?”

“இன்னா செய்வோம்? செக் பண்ணுவோம்.”

“எப்படிப் பண்ணுவோம்?”

சசிரேகா மூக்கை உறிஞ்சினாள். “ஒரே பீஸை மூணு வாட்டி குடுப்போம். நம்பரை மட்டும் மாத்தி. ஆப்பரேட்டருக்குத் தெரியாம.”

“மூணு அளவும் ஒண்ணா வந்தா?”

“கேஜ் ஓகே.”

“வேற வேறயா வந்தா?”

சசிரேகா அழுகையை நிறுத்தினாள். வனமாமலையைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னை ஏம்ட்டி பாக்கிய?” என்றான் அவன்.

“நீதான்டா பீஸ்” என்றாள் முத்துச்செல்வி.

அடுத்த ஞாயிறு. மண்டபம் பிதுங்கியது. முன்வரிசையில், பந்த அறுப்புப் பூஜைக்குத் தேங்காய் பழத்தோடு முனியம்மாள். பக்கத்தில் சசிரேகா, அடங்கி ஒடுங்கி வந்திருக்கிறாளே என்று அம்மாவுக்கே சந்தேகம்.

வெளியே வரிசையில், கேலியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்த அந்தோணிராஜ் டோக்கன் பதினொன்றோடு மோர் குடித்தான். வெளிநாடு போக ஆசை, பாஸ்போர்ட்தான் இழுத்தடிக்கிறது என்று செந்தாமரை அக்காவிடம் புலம்பினான். சுபாஷ் டோக்கன் பத்தொன்பது. முதுகு வலி, சூப்பர்வைசர் தொல்லை. பேக்கிங் பிரிவு உலகம்மாள் டோக்கன் இருபத்தேழு; மாமியார் கொடுமை, கேஸ் டிரபிள், இரண்டாவது குழந்தை தங்குமா என்ற கவலை. அவள் மூன்று டம்ளர் மோர் குடித்தாள்.

மூவரும் டோக்கனைக் கொண்டுபோய் மண்டபத்தின் பக்கவாட்டில் நின்ற ஒல்லியான உருவத்திடம் கொடுத்தார்கள். சாம்பல் நிற யூனிபார்ம், நீலத் தொப்பி, மாஸ்க். அந்தச் சாலையில் ஆணும் பெண்ணுமாக இருபதாயிரம் பேர் அப்படித்தான் இருப்பார்கள்.

டோக்கன் பதினொன்று. உருவம் மேடையேறியது. அடிகள் பெட்டியைத் திறந்தார், மூடினார். “கடல் கடந்தவன் நீ! கடாரத்துக்குக் கப்பல் ஓட்டியவன். அதனால்தான் இந்தப் பிறவியிலும் கால் வெளிநாட்டுக்குத் துடிக்கிறது!” கைதட்டல்.

டோக்கன் பத்தொன்பது. அதே உருவம், மேடையின் மறுபக்கப் படியில் ஏறியது. “அடடா! நீ மனிதனே இல்லையப்பா. அரண்மனை யானை! அம்பாரி சுமந்த முதுகு வலிக்காமல் இருக்குமா? அன்று அங்குசத்தால் குத்திய பாகன்தான் இன்று உன் சூப்பர்வைசர்!” கைதட்டல் காதைப் பிளந்தது. சூப்பர்வைசர்மேல் எல்லாருக்கும் ஏற்கனவே அப்படி ஒரு சந்தேகம் இருந்தது.

டோக்கன் இருபத்தேழு. உருவம் வந்து டோக்கனை வைத்துக் கை கூப்பியது. அடிகளின் குரல் தழுதழுத்தது. “தாயே! மகாராணி! ஏழு பிள்ளை பெற்ற புண்ணியவதி! கவலைப்படாதே, உன் வயிற்றில் இரண்டாவது குழந்தை தங்கும்! தைக்குள் தங்கும்!”

புண்ணியவதி மாஸ்க்கைக் கழற்றினாள். உள்ளே கருகருவென்று மீசை இருந்தது.

வனமாமலை மைக்குக்குக் குனிந்தான். “சாமி, தைக்குள்ள தங்கிருமாங்கேன்? வீட்ல சொல்லணும்லா?”

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. முத்துச்செல்வி மேடைக்கு முன் வந்து நின்றாள். “பதினொண்ணு, பத்தொம்போது, இருபத்தேழு. மூணு டோக்கன்லயும் ஏறுனது இவன் ஒருத்தன்தான். அதே பீஸ், மூணு அளவு. கப்பக்காரன், யானை, ராணி. இப்ப எது சாமி சரி?”

அடிகளை லேசாக எடை போட்டுவிடக் கூடாது. வியர்வையைத் துடைத்தார், புன்னகைத்தார், எழுந்து இரண்டு கையையும் விரித்தார்.

“மூன்றும் சரி! பேதைகளே, இத்தனை நாள் உங்களுக்குப் பாலபாடம் நடத்தினேன். இன்று பரம ரகசியம் சொல்கிறேன். உலகத்தில் உயிர் பலவல்ல; ஒன்றே ஒன்று! கப்பலோட்டியும் யானையும் ராணியும் ஒரே ஆன்மா. நீயும் அது, நானும் அது. யாரைப் பார்த்துச் சொன்னாலும் எல்லாருக்கும் பொருந்தும்!”

நம்ப மாட்டீர்கள், கூட்டம் கைதட்டியது. பஸ்ஸின் முன் சீட்டுக் கடற்படைத் தளபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே மகாராணியாக இருந்த மூன்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, இதுதானா விஷயம் என்று சமாதானமாகிவிட்டார்கள்.

முத்துச்செல்வி மட்டும் அசையவில்லை. “சரி சாமி. உயிரு ஒண்ணுதான். அப்ப ஒருத்தருக்குப் பாத்தா எல்லாருக்கும் பாத்த கணக்குதான? எதுக்கு ஆளாளுக்குத் தனித்தனி டோக்கன்?”

கைதட்டல் நின்றது.

“இன்னொண்ணு. எல்லாம் ஒரே உயிருன்னா, அம்மா ஏது, மவன் ஏது? போன வாரம் எங்க சசிரேகாவுக்கு இவன் பெத்த புள்ளைன்னு சொன்னியளே, அது என்னாச்சி?”

“அது... வியவகாரத்தில், உலக நடப்பில், பல. பரமார்த்தத்தில் ஒன்று” என்றார் அடிகள்.

“டோக்கன் குடுக்கையில பல. மாட்டிக்கிடையில ஒண்ணு. அதான?”

அடிகள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம்.

ஏட்டுப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. ஓலைச்சுவடிக்கு மெசேஜ் வந்திருந்தது.

இரண்டாவது ‘டிங்’ வருவதற்குள் முனியம்மாள் மேடையில் இருந்தார். தேங்காயைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஒரு கையால் மூடியைத் தள்ளினார். நான்கு காய்ந்த ஓலைகளுக்கு நடுவில் ஒரு போன், பளபளவென்று திறந்தே கிடந்தது. “இன்னாம்மா எழுதிகீது, படி” என்று மகளிடம் நீட்டினார்.

சசிரேகா மைக்கில் படித்தாள். “இப்ப வந்தது: ‘மாட்டிகினோம். பின்வாசல்ல வண்டி ரெடி.’ செந்தாமரை.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மோர்ப்பானை இருந்தது. அக்கா இல்லை.

“மேல தள்ளிப் பாரு. போன வாரத்துது. நம்பர் நாப்பத்தாறு” என்றார் முனியம்மாள்.

சசிரேகா தள்ளினாள். படிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். “படிடி” என்றார் அம்மா.

“‘டோக்கன் 46. பென்னலூர் அம்மா. பொண்ணு தெக்கத்திப் பையனை லவ் பண்ணுது. கட்டிக் குடுத்தா பொண்ணு தூரமா போய்டும்னு அம்மாவுக்கு பயம். வெளிய சொல்ல முடியல. வேணாம்னு சொன்னா சந்தோஷப்படும். பெரிய பூஜைக்குத் தேறும்.’”

முனியம்மாள் அடிகளைப் பார்த்தார். அந்த அம்மாளின் கையில் தேங்காய் இருந்ததால் அடிகள் இரண்டடி பின்வாங்கினார்.

“த்தூ! மோர் குடுத்து என் வாய்ல இருந்து புடுங்கி எனக்கே வித்தியா? என் பயத்த நான் சொல்லிக்க மாட்டேனா? அதுக்கு என் பொண்ண ஊரெல்லாம் சிரிக்க வெச்சியே, நீ நல்லா இருப்பியா?”

பின்வாசல் வண்டி அடிகளை விட்டுவிட்டே போய்விட்டது. உயிர் ஒன்றுதான் என்றாலும் ஓடும்போது செந்தாமரை தன் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். போலீஸ் வரும்வரை அடிகள் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தோணிராஜ் அவரை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணாச்சி, தாடிய எடுத்துட்டா படப்பையில வேலை வாங்கித் தாரேன்னு ரூம் போட்டு இருந்தவர்தானே நீங்க?” அவர்தான். அது நரசிம்மனின் போன பிறவி. முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்தப் பிறவியிலும் டோக்கன் கொடுத்தார்.

மேடையிலிருந்து இறங்கிய முனியம்மாள், வனமாமலையின் எதிரில் நின்றார். “இதோ பாரு தம்பி. போன ஜென்மத்துல நீ எவனா வேணா இருந்துட்டுப் போ. இந்த ஜென்மத்துல என் பொண்ண நாங்குநேரிக்கு இட்டுகினு போய்டுவியா?”

“இல்ல அத்தை. இங்ஙனதான் இருப்போம். பென்னலூர்லயே வாடகைக்கு வீடு பாத்தாச்சி.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?”

“நீங்க கேக்கலியே அத்தை.”

முனியம்மாள் தேங்காயை அவன் கையில் கொடுத்தார். மணிமங்கலத்துக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். ஆவணி இரண்டாவது முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில் கல்யாணம். அதே சிவப்பு நாற்காலிகள். பந்தியில் மோர் மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

சாலை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. முழுக்க அல்ல. பஸ்ஸின் முன் சீட்டுக்காரர் இன்னும் சொல்கிறார்: “அந்தாள் சொன்னது எல்லாம் பொய்தான் சார். ஆனா நான் கடற்படைத் தளபதின்னு சொன்னாரே, அது மட்டும் எப்படியோ கரெக்ட்.”

உயிர் ஒன்றா, பலவா? எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லி டோக்கன் கிழிக்கிறவருக்கும் தெரியாது என்பது மட்டும் தெரியும். இருபது ரூபாய் பெறாத ஒரு போல்ட்டை மூன்று தடவை அளந்து பார்க்காமல் பெட்டியில் போடாத கைகள் இந்தச் சாலையில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம்மையே அளக்க ஒருவன் வந்து உட்காரும்போது, அவனை ஒரே ஒரு தடவை அளந்து பார்த்தால் கையா தேய்ந்துவிடும்?