கோயில் பங்கு வைத்த புரோகிராம்

பொத்தேரி காலேஜுக்குக் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கே ஊர்க்கட்டுப்பாடு கற்றுக்கொடுக்கப் பார்த்தவன் கூறுகட்டி ஒருவன்தான்.

ஹாஸ்டலில் அவன் என் அறைத்தோழன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பையன். எதைக் கொடுத்தாலும் கரையில் மீனைப் பிரிப்பதுபோல் கூறு கட்டிவிட்டுத்தான் தொடுவான்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மெஸ் பொங்கலில் மிளகு ஒரு கூறு, முந்திரி ஒரு கூறு. முந்திரிக் கூறு எப்போதும் காலியாகவே இருக்கும். ஆனாலும் தட்டில் அதற்கான இடத்தை மரியாதையாக விட்டுவைப்பான்.

முதல் வருஷ லேபில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஓர் எண்ணிலுள்ள இலக்கங்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்துக் காட்ட வேண்டும். நாங்கள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். கூறுகட்டிக்கு மட்டும் அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று, வருகிற வண்டி நம்பரையெல்லாம் கையை வீசி வீசிப் பிரித்தான். இடக்கைப் பக்கம் ஒற்றை, வலக்கைப் பக்கம் இரட்டை. யாரோ அதிகாரி மடக்குகிறார் என்று பயந்து ஒரு லாரியே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிவந்து லைசென்ஸை நீட்டினார்.

"உன்துல ஒத்த ஜாஸ்தி அண்ணாத்த, போ போ" என்று அனுப்பிவைத்தான்.

அவன் எழுதிய புரோகிராமில் ஒரே ஒரு வில்லங்கம். இரண்டு கூறு கேட்டால் மூன்று வந்தது. பூஜ்ஜியம் தனியாக உட்கார்ந்திருந்தது.

"ஜீரோ ரெட்டப்படைடா. ரெண்டால வகுத்தா மீதி வராது" என்றேன்.

"இன்னா மச்சான் பேசுற? ஒண்ணுமே இல்லாதவன் எந்தக் கூறுல போய் குந்துவான்? அது கோயில் பங்கு."

அவர்கள் குப்பத்தில் மீன் கரைக்கு வந்ததும் கோயிலுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கூறு. இவன் புரோகிராமும் முதல் வேலையாகப் பூஜ்ஜியத்தை ஓரமாக எடுத்துவைத்தது. நான் தொண்டை வற்றக் கத்தியும் அவன் மசியவில்லை.

மற்ற பாடங்களில் அவனுக்கு ஏற்கெனவே அரியர். இந்த லேபிலும் தவறினால் இரண்டாம் வருஷத்துக்கு விடமாட்டார்கள். அவனுடைய அப்பாவும் போனில் சொல்லிவிட்டார்: "பாஸானா படி. இல்லாங்காட்டி போட்ல ஏறு." தேர்வில் அதே கணக்கு வந்ததும் அவனைவிட நான்தான் துள்ளினேன்.

தேர்வாளர் நல்ல மனிதர். "எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஜீரோவை ஒதுக்குற அந்த வரிய மட்டும் அழிச்சிட்டு ஓட்டிக் காட்டு, பாஸ் போட்டுடறேன்."

பக்கத்து இருக்கையில் நான் எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டேன். கூறுகட்டி விரலை அழிக்கும் பொத்தான்மேல் வைத்தான். பிறகு எடுத்துவிட்டான்.

"வேணாம் சார். எங்க ஆளுங்க இந்நேரம் கடல்ல கீறாங்க. கோயில் பங்குல கை வெக்கமாட்டேன்."

"இது கம்ப்யூட்டர்ப்பா!"

"கை என்துதானே சார்."

பாஸாகாமல் ஊருக்குக் கிளம்பியவனோடு செங்கல்பட்டு வரை ரயிலில் போய் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "ஒரே ஒரு வரிதானேடா" என்றதற்கு, "வுடு மச்சான், அழுவாத" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

இப்போது நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. யார் எந்த வரியை அழிக்கச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் அழிக்கிறேன். சில ஞாயிறுகளில் அவன் குப்பத்துக்குப் போவேன். பெரும்பாலும் கடலில் இருப்பான், இல்லாவிட்டால் அசந்து தூங்கிக்கொண்டிருப்பான். எழுப்ப மனசு வராமல் திரும்பிவிடுவேன்.

கடலில் இதுவரை அவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதற்காகச் சாமிக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இன்னும் மூன்று வருஷம் இருந்திருக்க வேண்டியவனை அதே சாமி கொண்டுபோன கோபம் மட்டும் எனக்குத் தீரவே இல்லை.