விருந்தாளிக்கு ஒரு கக்கூஸ்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தவர்கள்: கக்கூஸ் கட்டுவதற்காக டென்மார்க்கிலிருந்து வந்த லீசா, யோனஸ்; அவர்களைக் கூட்டி வந்த பால்துரை; முன்னாள் ஹவில்தார் தங்கப்பாண்டியன்; அவர் மனைவி வெங்கடேஸ்வரி, ஆரத்தித் தட்டோடு; கொத்தனார் கருத்தையா, கரண்டியோடு; தலைமையாசிரியை அன்னாள், மார்போடு அணைத்த நாலு பழைய ரிஜிஸ்டர்களோடு; யாருடையது என்று தெரியாத ஒரு வெள்ளாடு.

இவர்களைத் தவிர, இருக்கவே கூடாத ஒன்றும் அங்கே இருந்தது. புத்தம் புதுக் கக்கூஸ்.

செங்கல் சுவர், பூச்சு, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு. போன மாதம் பால்துரை வந்து அளந்தபோது அந்த இடத்தில் கருவேலஞ்செடிதான் இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

தங்கப்பாண்டியன் மீசையைத் தடவினார். "எப்படி இருக்கு? வீட்டுக்கு ஒரு ஆளு. பத்தே நாள்ல முடிச்சோம்லே."

"அவிய ரெண்டு பேரும் கக்கூஸ் கட்டத்தான அண்ணாச்சி வந்திருக்காக?"

"அதத்தாம்லே சொல்லுதேன். கடல் தாண்டி வாற விருந்தாளி, வந்து எறங்குனதும் எங்கிட்டுப் போறதுன்னு கேட்டா வேலிக்காட்டையா, அடுத்த வீட்டையா காட்டுறது? டீச்சர் வந்து விசயத்தச் சொன்ன அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

"கக்கூஸ் கட்ட வாறவகளுக்குக் கக்கூஸ் கட்டி வச்சிருக்கீக."

"ஆமா. பீங்கான் மட்டும் பாக்கி. டீச்சர் ராஜபாளையத்துல சொல்லி வச்சிருக்காக, வந்துரும். அதுவரைக்கும் விருந்தாளிக்கு நம்ம வீடு இருக்கு."

பால்துரை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். சுவரை ஒட்டி நாலு அடுக்குச் சிமெண்டுப் பலகை.

"இது எதுக்கு?"

"டீச்சர் போடச் சொன்னாக. சோப்பு வைக்க."

"சோப்புக்கு எதுக்கு நாலு அடுக்கு?"

"வெள்ளைக்காரக என்னென்ன சோப்புப் போடுவாகளோ, யாருக்குலே தெரியும்?"

அந்த ஊர் கீழக்கரடு. வன்னியம்பட்டி விலக்கிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தின் பழைய கக்கூஸ் போன ஐப்பசி மழையில் விழுந்துவிட்டது. பால்துரை வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பிள்ளைகளை வரவழைத்து இப்படிப்பட்ட ஊர்களில் வேலை செய்ய வைக்கும். அஸ்திவாரம் முதல் கூரை வரை அவர்கள் கையால் கட்ட வேண்டும். தினமும் சாயங்காலம் அதைப் போட்டோ எடுத்து மதுரை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். கட்ட ஒன்றுமில்லை என்று தெரிந்தால் லீசாவையும் யோனஸையும் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பால்துரையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு என்றால் மில்லுக்கு. ராஜபாளையத்து நூல் மில்லில் நாலு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன் அவன். இரவு மெஷின் தூங்க விடாது, பகலில் பக்கத்து வீட்டு மாவு மில் தூங்க விடாது. ஒரு விடியலில் காக்கிச் சட்டையைக் கேட்டிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்தான். சூப்பர்வைசர் இன்னமும் மாதம் ஒரு முறை போன் செய்து, "ஒன் சட்டை இங்கதாம்லே தொங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லீசா பச்சைக் கதவைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டாள். "இது என்ன கட்டடம்?"

பால்துரை வானத்தைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான், பக்கத்தில் வந்து நின்ற அன்னாள் டீச்சர் கையிலிருந்த ரிஜிஸ்டர்களைப் பார்த்தான்.

"ரிக்கார்டு ரூம்" என்றான்.

தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது. அன்னாள் சேலை முந்தியிலிருந்து ஒரு பூட்டை எடுத்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

தங்கப்பாண்டியனை ஓரங்கட்டி விசயத்தைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

"நான் கட்டுன கக்கூச ஆபீசாக்கிட்டயாலே?"

"மூணே வாரம் அண்ணாச்சி. அவிய போனதும் பழையபடி கக்கூசு."

"ஒன் பொழப்புப் போயிரும்னு சொல்லுத. அதனால வாயப் பொத்திக்கிடுதேன்."

பத்தடி தள்ளி ரெண்டாவது கக்கூஸுக்குக் கருத்தையா கயிறு கட்டிக் கோடு போட்டார். பால்துரை பெருமூச்சு விட்டான். அது முடிவதற்குள் லீசா கேட்டாள். "கழிவறை எங்கே இருக்கிறது?"

தங்கப்பாண்டியன் வீட்டில் இருந்தது. போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்றுதான் பால்துரை நினைத்தான். வெங்கடேஸ்வரியிடம் அந்தக் கணக்கு செல்லாது. வாசல் மிதித்த விருந்தாளி சாப்பிடாமல் படி இறங்கக்கூடாது. முதல் தடவை இட்லியும் கறிக்குழம்பும். ரெண்டாம் தடவை பணியாரம். மூன்றாம் தடவை பால்கோவா; அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சூடாக வர வேண்டும் என்று ஆள் அனுப்பிக் காத்திருந்தார்கள். ஒரு தடவை ஒண்ணுக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம். சாப்பிடச் சாப்பிடத் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் குடித்ததால் மறுபடி போனார்கள்.

மிச்ச நேரத்திலும் வேலை நடக்கவில்லை. லீசா சாந்துச் சட்டியைத் தூக்கினால் நாலு பெண்கள் ஓடி வந்து பிடுங்கினார்கள்.

"ஏட்டி, குடு இங்க! வீட்டுக்கு வந்த பிள்ளைய மண்ணு சொமக்க விட்டா நாங்க என்ன மனுசங்களா?"

யோனஸ் கடப்பாரையைத் தொட்டால் கருத்தையா அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார வைத்தார். மூன்று நாளில் மதுரை ஆபீசுக்குப் போன போட்டோக்களில் இருவரும் இலை முன்னால் இருந்தார்கள்.

மதுரை ஆபீசிலிருந்து மேலாளர் அக்சா மேடம் போனில் கூப்பிட்டார். கண்டிப்பான பெண். "மிஸ்டர் பால்துரை, நாம கட்டுறது கக்கூஸா, கல்யாண மண்டபமா?"

வியாழக்கிழமை காலை பால்துரை பெண்களைக் கூட்டி வைத்து ஒரு பொய் சொன்னான்.

"விசயம் தெரியாமத் தடுக்கீக. அவிய வேலைக்கா வந்திருக்காக? நேர்த்திக்கடன். மண்ணு சொமந்து கட்டுறதா வேண்டிக்கிட்டு வந்திருக்காக. சட்டியப் பிடுங்குனா அவியளுக்கு ஆகாது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெங்கடேஸ்வரி மெல்லக் கேட்டாள். "எந்தச் சாமிக்குத் தம்பி?"

"அவிய ஊருச் சாமிக்கு."

"பேரு?"

"பேரச் சொல்லக்கூடாதாம்."

ஞாயிறுதோறும் சர்ச்சில் முன் வரிசையில் உட்காரும் பால்துரை இதைச் சொல்வதைக் கேட்ட அன்னாள் டீச்சர், ரிஜிஸ்டருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த நிமிடத்திலிருந்து யாரும் சட்டியைப் பிடுங்கவில்லை. அது நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை வெங்கடேஸ்வரி இருவர் காலிலும் மஞ்சத்தண்ணீர் ஊற்றினாள். நேர்த்திக்கடன்காரர்கள் செருப்புப் போடக்கூடாது என்று யாரோ சொல்ல, ஷூக்கள் நான்கும் மாயமாயின. கறிக்குழம்பு நின்றது. லீசாவுக்கு மஞ்சள் சேலை வந்தது. யோனஸ் நெற்றி முழுக்கச் சந்தனம்.

"எதற்காகக் காலில் மஞ்சள் தண்ணீர்?" என்று லீசா கேட்டாள்.

"கிருமி நாசினி. வேலையிடப் பாதுகாப்பு விதி" என்றான் பால்துரை. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை மேளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, வன்னியம்பட்டியிலிருந்து கல்யாணம் தள்ளிப்போன யுவராணி என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் தாய் வந்தாள்.

"எம் மக கையால ஒரு கல்லு வச்சிக்கிடுறோம் தம்பி. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து கட்டுறாகன்னா சக்தி இல்லாமலா?"

ஒரு கல்தானே என்று பால்துரை விட்டான். திங்கட்கிழமை சாயங்காலமே அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த இடம்தான், ஆனால் அதை யார் கேட்டார்கள்? செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வெளியே வரிசை நின்றது. போலீஸ் தேர்வு எழுதியவன், பிள்ளை வரம் கேட்பவள், போர் போட்டுத் தண்ணீர் வராதவன், எல்லாரும் ஆளுக்கொரு செங்கல்லோடு. சுவரின் ஒரு பக்கம் லீசா கல் வைத்தாள். மறுபக்கம் ஊரே வைத்தது.

கருத்தையா தூக்குக்குண்டை இறக்கிவிட்டு ஓடி வந்தார். "பால்தொரை, செவுரு போதும்னு சொல்லு! கக்கூசுக்கு மாடி கட்டிருவாக போலருக்கு."

புதன்கிழமை மத்தியானம் கூரைத் தகரமும் ஏறிவிட்டது. மூன்று வார வேலை பத்து நாளில் முடிந்தது. பால்துரை மைதானத்தின் நடுவில் நின்று பார்த்தான். இப்போது அவனிடம் ரெண்டு கக்கூஸ் இருந்தது. கட்ட ஒன்றுமில்லை.

அன்று இரண்டு போன் வந்தது. ஒன்று சூப்பர்வைசர். இன்னொன்று அக்சா மேடம்.

"போட்டோவுல எதுக்கு மாலை? எதுக்கு மேளம்? அந்தப் பையன் ஷூ எங்க? நாளைக்குக் காலையில நானே வாரேன்."

வியாழக்கிழமை காலை கார் வந்து நின்றது. அக்சா மேடம் நோட்டும் பேனாவுமாக இறங்கினார். தங்கப்பாண்டியன் வாயைத் திறக்காமல் இருக்க வெற்றிலையைத் திணித்துக்கொண்டு நின்றார். மேடம் புதுச் சுவரைத் தட்டிப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். பிறகு பச்சைக் கதவைப் பார்த்தார்.

"அது என்ன?"

"ரிக்கார்டு ரூம், மேடம்."

"திறங்க."

 உள்ளே வெறும் தரையும், சோப்பு வைக்க நாலு அடுக்கும், நடுவில் பீங்கானுக்கு விட்ட பள்ளமும்தான் இருக்கும். மில் கேட்டில் தொங்கும் காக்கிச் சட்டை பால்துரையின் கண்ணுக்குத் தெரிந்தது. அன்னாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கதவு திறந்தது.

நாலு அடுக்கு நிறைய ரிஜிஸ்டர். வருடவாரியாக, முதுகில் சீட்டு ஒட்டி, வரிசை பிசகாமல். பள்ளத்தைச் சிமெண்டு பூசி மூடி, அதன் மேல் ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசை மேல் பேனா ஸ்டாண்டுகூட இருந்தது.

"ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க" என்றார் அக்சா மேடம், அந்தப் பத்து நாளில் முதல் முறையாகக் குரல் இறங்கி. தங்கப்பாண்டியன் மட்டும், மூடிய பள்ளத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலையை விழுங்கினார்.

"சரி. கக்கூஸ்ல பீங்கான் எங்க?"

பால்துரை கருத்தையாவைப் பார்த்தான். பத்து நாள் ஓட்டத்தில் பீங்கான் வாங்க வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அப்போது ஒரு குட்டியானை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. டிரைவர் வைக்கோல் சுற்றிய பீங்கானை இறக்கினார். கருத்தையா அதை ரெண்டாவது கக்கூஸின் பள்ளத்தில் வைத்து மட்டம் பார்த்தார். நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

அக்சா மேடம் நோட்டில் ஒரு டிக் அடித்தார். "குட். இந்த மாதிரி ஊர் முழுக்கச் சேர்ந்து கட்டுனதை நான் பார்த்ததில்ல. மிஸ்டர் பால்துரை, வேலைய நிரந்தரமாக்க எழுதுறேன். ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கே?"

"காம்பவுண்டு சுவர் இல்ல, மேடம்" என்றார் அன்னாள், யாரும் கேட்காமலே.

"அப்ப அதைக் கட்டுங்க."

வெளியே வரிசை மறுபடி கூடிவிட்டது. கார் கிளம்பிப் போனது. தங்கப்பாண்டியன் பால்துரையின் முதுகில் ஓங்கி அறைந்தார். "தப்பிச்சலே! அது எப்படிலே ரிக்கார்டு ரூமுன்னு அம்புட்டு டக்குன்னு தோணுச்சு?"

"மூள வேணும்லா அண்ணாச்சி" என்றான் பால்துரை. போனை எடுத்து, சூப்பர்வைசருக்கு, 'சட்டையை யாருக்காவது குடுத்துருங்க' என்று தட்டி அனுப்பினான். நெஞ்சு நிறைய மூச்சு விட்டான்.

குட்டியானை டிரைவர் கயிற்றைச் சுருட்டியபடி கத்தினார். "டீச்சர், ஒரு மாசமா கடையில எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க போன் பண்ணாம எடுக்கக்கூடாதுன்னுட்டீக. மொதலாளி தெனமும் என்னைய வையிறாரு."

பால்துரை திரும்பினான். அன்னாள், பச்சைக் கதவின் நிலையில் ஒரு கை வைத்து நின்றிருந்தார். அக்குளில் இடுக்கிய கடைசி ரிஜிஸ்டர்.

"டீச்சர், பீங்கான் ஒரு மாசமா ரெடியாவா இருந்துச்சு?"

"ஆமா தம்பி."

"அப்ப மொதக் கக்கூஸ்லயே வச்சிருக்கலாமே?"

"ரிஜிஸ்டர் வைக்க ஒரு ரூம் வேணும்னு பத்து வருசமா ஊர்க் கூட்டத்துக்குக் கூட்டம் எந்திரிச்சுச் சொல்லிப் பாத்துட்டேன்" என்றார் அன்னாள். "ரிக்கார்டு ரூம் இல்லன்னா எந்த ஊருக்குத் தம்பி ரோசம் வரும்?"

உள்ளே போனார். இரும்புக் கதவைச் சாத்தினார். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.